வளைவில் பார்த்தவள்

விசாரணைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது என்று வக்கீல் ரதேமோ சொன்னதும் கெசாரே தன்னையறியாமல் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமும் நான்கு மாதமும் கிசி நகரத்து நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் அடுத்த தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பியவள் அவள். ஆனால் ரதேமோவின் முகத்தில் மலர்ச்சி இல்லை. மேஜையிலிருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவள் பக்கம் திருப்பிப் போட்டார். போலீஸார் கொடுத்த ஒற்றைத் தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கெசாரேக்கு மனப்பாடமாகத் தெரியும். பைக் ஓட்டி பக்கத்து மண்பாதையிலிருந்து பார்க்காமல் ரோட்டில் ஏறினான், விபத்துக்கு அவனே காரணம்.

"இதை ஒடைக்கக் கண்ணால பார்த்த ஒரு ஆள் வேணும்மா," என்றார் ரதேமோ. "இல்லாம போய் நின்னா அஞ்சு நிமிஷத்துல தள்ளிடுவாங்க. அதோட நிக்காது. பஸ்காரன் தரப்புச் செலவையும் உங்க தலையில கட்டுவாங்க. அதுக்கு நாமளா முன்கூட்டியே வாபஸ் வாங்கிடறது மேல்."

ரதேமோ கெட்டவர் இல்லை. அவளிடம் இதுவரை ஒரு ஷில்லிங் கூட வாங்கவில்லை. ஜெயித்தால் அதில் ஒரு பங்கு என்பதுதான் பேச்சு. ஜெயிக்காத வழக்கில் அவருக்கும் ஒன்றுமில்லை, அதனால் அவர் சொல்வது நியாயம்தான். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊருக்குப் போகும் வண்டிக்குக் காசு இருந்தது. எழுந்து போகத்தான் மனம் வரவில்லை.

அவள் புருஷன் மொகாகா, நியாகேமா வளைவுக்கும் சந்தைக்கும் நடுவே மோட்டார் பைக்கில் ஆளேற்றி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மழையில், அந்த வளைவில்தான் பஸ் அவனை அடித்தது. அன்று கெசாரே வீட்டில் இருந்தாள். சின்னவளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். நாலு மணி சுமாருக்கு அவனுக்கு போன் போட்டாள். உடனே எடுத்தார்கள். "எங்க இருக்கீங்க? சின்னவளுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. வேற சவாரி எடுக்காம நேரா வாங்க," என்றாள். பதில் இல்லை. மழைச் சத்தமும், யாரோ மூச்சு வாங்குவதும் கேட்டது. பிறகு துண்டித்துவிட்டார்கள். மறுபடி போட்டபோது போன் அணைந்திருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் போலும் என்று அவள் சின்னவளுக்கு ஈரத்துணி போடப் போய்விட்டாள். இருட்டும் முன் பைக்காரர்கள் நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள், ஒருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

பிணவறையில் அவன் சட்டைப்பையில் போன் இல்லை. ஆனால் அதைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்? விழுந்ததுமே உயிர் போய்விட்டது, ஒரு வலியும் தெரிந்திருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். சபைப் போதகர் அடக்கத்தில் அதையே ஜெபமாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் கெசாரே இத்தனை நாளும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மற்ற எதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. தவணைக்கு வாங்கிய பைக்கை, அது நசுங்கிய இரும்பாகக் கிடந்தும், கடைக்காரன் வந்து அள்ளிப் போனான். மிச்சத் தவணையையும் கேட்டான். மொகாகாவின் தம்பி ஒம்புய் வாழைத்தோப்பில் அண்ணன் பங்கை "பார்த்துக்கொள்ள" ஆரம்பித்தான். கெசாரே அடுத்தவர் தோட்டங்களில் தேயிலை கிள்ளப் போனாள். பெரியவள் நியாமொய்தாவைக் கட்டணம் கட்டவில்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பருவத்தில் மூன்று முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் முறை அவள் பெட்டியோடு வந்து, "இனிமே நான் போகலம்மா, நானும் கொழுந்து கிள்ள வரேன்," என்றாள். பதினாறு வயது. கெசாரே அவளை அடித்தாள். பிறகு இருவரும் அழுதார்கள்.

வக்கீல் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு நினைவுக்கு வந்தது, பைக் நிறுத்தத்தில் ஒருவன் எப்போதோ சொன்ன பேச்சு. அன்றைக்கு நல்ல மழை, எல்லாரும் கடைத் தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டோம், சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம், ரோட்டைப் பார்த்தபடி இருந்தவள் குடைக்கு அடியில் சோளம் சுடுகிற கெமுமா ஒருத்திதான் என்று. அப்போது அதை அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் நியாகேமா வளைவுக்குப் போனாள்.

கெமுமாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒட்டுப்போட்ட பெரிய குடை, அதற்கடியில் தகர அடுப்பு, பக்கத்தில் உரிக்காத சோளம் ஒரு சாக்கு. பத்து வருஷமாக அந்த இடத்தை விட்டு அசையாதவள். ஒன்றுக்குப் போகக்கூட பக்கத்துக் கடைக்காரியை உட்காரவைத்துவிட்டுத்தான் போவாள். கெசாரே கிட்டே போய், "அக்கா, நான் மொகாகா வீட்டுக்காரி," என்றாள். சோளத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கெமுமா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுப்பை விசிறினாள்.

"நான் ஒண்ணும் பாக்கலை. கரி வாங்கப் போயிருந்தேன்."

"நீங்கதான் அக்கா இங்க இருந்தீங்களாம். பைக்காரங்க சொல்றாங்க."

"பைக்காரன் சொல்றதெல்லாம் வேதமா? அவனுங்கள்ள எவனையாவது கூட்டிட்டுப் போய் நிறுத்திக்கோ."

கெசாரே கெஞ்சினாள். மூன்று பிள்ளைகள் என்றாள். தேதி சொன்னாள். கெமுமா கரியை ஊதிக்கொண்டே இருந்தாள், கண்ணில் புகை பட்டும் துடைக்கவில்லை. கடைசியில், வியாபாரத்தைக் கெடுக்காதே என்று மட்டும் சொன்னாள்.

கெசாரே போகவில்லை. குடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவாள்? சாயந்திரம் வரை இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். மறுநாளும் போனாள். அடுத்த நாளும். பேசவில்லை, கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கக் கை வராமல் சாக்கிலிருந்து சோளத்தை எடுத்துத் தோல் உரித்து அடுக்கி வைத்தாள். கெமுமா தடுக்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. கூலி போனது, வீட்டில் உகாலிக் களி கிண்டும் சோளமாவு அடிமட்டத்துக்கு வந்தது. கல்லில் நார் உரிக்கப் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஐந்தாம் நாள், மொகாகாவை அடித்த அதே கம்பெனியின் பஸ் ஒன்று வளைவில் நின்றது. கண்டக்டர் சோளம் வாங்க இறங்கினான். உரித்துக்கொண்டிருந்த கெசாரேயை யாரோ அவனுக்குக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். காசைக் கொடுத்துக்கொண்டே கெமுமாவிடம், "என்னக்கா, கூட்டாளி சேர்த்துட்டியா? பார்த்து. எங்க வண்டி ஒரு நாளைக்கு ஆறு தடவை இங்க நிக்குது. நிக்காமலும் போகலாம்," என்றான். கெமுமா சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். பஸ் போனதும், பஸ்காரர்களிடம் காசு தின்கிற நிறுத்தத்துத் தலைவன் வந்து இன்னும் பச்சையாகச் சொன்னான். கோர்ட்டு கீர்ட்டு என்று போனால் அடுப்பை வேறு எங்கேயாவது பற்ற வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் கெமுமா. "போ தாயி. உன் பிள்ளைங்களைப் போய்ப் பாரு."

ஏழாம் நாளோடு கெசாரே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் ஒம்புய் ஒரு யோசனையோடு வந்தான். அண்ணன் செத்ததிலிருந்து அவன் வீட்டுக்கு வந்ததைக் கைவிரல் விட்டு எண்ணலாம். ஆனால் இழப்பீடு என்ற சொல் அவனையும் தூங்கவிடவில்லை. கூடவே பழுப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஆளை அழைத்து வந்திருந்தான். அந்த ஆள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தேநீரை உறிஞ்சிக்கொண்டு, தொழில்காரன் மாதிரிக் கேள்வி கேட்டான்.

"ஹெல்மெட் என்ன கலர்னு சொல்லணும்? கறுப்பா, நீலமா?"

"அவர் போட்டிருக்கல," என்றாள் கெசாரே.

"அப்ப போட்டிருந்தார்னு சொல்லிடலாம். ரேட்டு கூடும்."

எட்டாயிரம் ஷில்லிங் கேட்டான், பாதி முன்பணம். கெசாரே ஒம்புயைப் பார்த்தாள். "அண்ணி, பஸ்காரன் மட்டும் அங்க நிஜமா சொல்லப்போறான்?" என்றான் அவன். பொய்சாட்சி பாவம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஓய்வுநாள் தவறாமல் சபைக்குப் போகிறவள். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவள் மனசு எந்தக் கிளையைப் பிடிப்பது என்று பார்க்கிற நிலையில் இல்லை. தேயிலைத் தோட்டக்காரரிடம் வரப்போகிற இரண்டு மாதக் கூலியை ஈடு வைத்து நாலாயிரம் வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று நாள் கழித்து அந்த ஆளை ரதேமோவின் அறைக்கு அழைத்துப் போனார்கள். ரதேமோ மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அவனை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீ போன மாசம் இன்னொரு கேஸ்ல பஸ்ஸுக்குள்ள இருந்த பயணியாச்சே. அதுக்கு முந்தி ஒண்ணுல அவகாடோ வித்துக்கிட்டு இருந்தே. இப்ப நியாகேமாவுல என்னப்பா வேலை உனக்கு?"

அந்த ஆள் தொப்பியை எடுத்துக்கொண்டு மரியாதையாக விடைபெற்றுப் போனான். முன்பணம் போனது போனதுதான். ரதேமோ கெசாரேயைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாபஸ் மனுவை டைப் அடித்து வைக்கிறேன், திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். கெசாரே வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. சின்னவள் பசிக்கிறது என்றபோது கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நியாமொய்தாதான் தம்பிக்கும் தங்கைக்கும் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் யாரோ செருப்பை உதறுகிற சத்தம் கேட்டது. கெமுமா நின்றிருந்தாள். அடுப்பும் புகையும் இல்லாமல் அவளைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது, சபைக்குப் போகிற வெள்ளைச் சட்டை, தலையில் துணி. உள்ளே வாங்க என்றும் வரவில்லை. வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சின்னவளைக் காட்டி, "இதுக்கா அன்னிக்குக் காய்ச்சல்?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் கெசாரே. அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

"வரேன்," என்றாள் கெமுமா. "என்ன பார்த்தேனோ அதைச் சொல்றேன். ஆனா அதுக்கப்புறம் நீ என் கடைப் பக்கம் வரக்கூடாது. நானும் உன் பக்கம் வரமாட்டேன்."

கெசாரே அவள் காலைக் கட்டிக்கொண்டாள். கெமுமா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள், சூடு பட்ட மாதிரி.

விசாரணை அன்று மழை இல்லை. நீதிபதி ஒரு பெண்மணி, குளிருக்குக் கழுத்தில் சால்வை சுற்றியிருந்தார். சாட்சிகளை வெளியே உட்காரவைத்தார்கள். வழக்குப் போட்டவள் என்பதால் கெசாரே உள்ளேயே இருக்கலாம். முதலில் அவள்தான் கூண்டில் ஏறினாள். தாய்மொழியில் அவள் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பவர் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். ரதேமோ கேட்டபடி, புருஷன் என்ன சம்பாதித்தான், வீட்டுக்கு என்ன கொடுத்தான் என்று சொன்னாள். அன்று என்ன நடந்தது என்றபோது போன் போட்டதையும், யாரோ எடுத்ததையும், தான் சொன்ன வார்த்தைகளையும், மழைச் சத்தத்தையும் சொன்னாள். அது வழக்குக்குத் தேவையில்லாத விஷயம்தான். ஆனாலும் நீதிபதி எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல், சின்ன வயசுக்காரர், எழுந்து ஒரே கேள்வி கேட்டார். விபத்து நடந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்களா? இல்லை. அவ்வளவுதான்.

பிறகு கெமுமாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் சத்தியம் செய்துவிட்டு, யாரையும் பார்க்காமல், கூண்டின் கட்டையைப் பார்த்தபடி சொன்னாள். மொகாகா மண்பாதையிலிருந்து வரவில்லை, சந்தைப் பக்கமிருந்து ரோட்டில் தன் ஓரமாகத்தான் வந்தான். எதிரே தேயிலை லாரி ஒன்று மேட்டில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் வந்த பஸ் வளைவிலேயே லாரியை முந்தியது. அவனுக்கு ஒதுங்க இடம் இல்லை. அடித்த இடத்திலிருந்து சகதி ஓரத்துக்கு வந்து விழுந்தான். பஸ் நிற்காமல் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இதையெல்லாம் இரண்டு வருஷமாக ஏன் போலீஸாரிடம் சொல்லவில்லை என்று கேட்டார். மழையில் குடைக்கடியில் இருந்தவளுக்கு அறுபது எழுபது அடி தள்ளி நடந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்டார். வாதி தினமும் வந்து உங்கள் கடையில் வேலை செய்தாளாமே, அதற்கு என்ன பேரம் என்று கேட்டார். அவரிடம் எல்லாம் இருந்தது, பஸ் கண்டக்டர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டதைக் கெசாரே பார்த்தாள். போச்சு என்று நினைத்தாள்.

"நீங்க அங்க இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் வக்கீல்.

மொழிபெயர்ப்பவர் கேள்வியை இன்னொரு தடவை சொன்னார்.

"நான்தான் அவன்கிட்ட முதல்ல போனவ," என்றாள் கெமுமா. "எல்லாரும் பஸ் பின்னாடி கத்திக்கிட்டு ஓடினாங்க. இவன் கிட்ட யாருமில்லை. மேல்பையில போன் இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன். அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சு."

கெசாரே அதை ஒருமுறை கேட்டாள். பிறகு மொழிபெயர்ப்பவர் குரலில் ஆங்கிலத்தில் இன்னொரு முறை கேட்டாள்.

"குடைக்குத் திரும்பி வந்ததும் அந்த போன் அடிச்சுச்சு," என்று கெமுமா தொடர்ந்தாள். "நிறுத்தப் போய் கை தவறி எடுத்துட்டேன். ஒரு பொம்பளை பேசினா. எங்க இருக்கீங்க, சின்னவளுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, வேற சவாரி எடுக்காம நேரா வாங்கன்னா. நான் கட் பண்ணி அணைச்சுட்டேன். அன்னிக்கு இந்தப் பொண்ணு என் கடைக்கு வந்து வாயைத் தொறந்தப்பவே இது அந்தக் குரல்தான்னு தெரிஞ்சுபோச்சு."

நீதிபதி பேனாவை எடுத்தார். முந்தைய பக்கத்தைத் திருப்பி, காலையில் எழுதியதை விரலால் தொட்டு வாசித்தார்.

சின்ன வயசு வக்கீல் விடவில்லை. "ஆக நீங்க ஒரு திருடி. சாகக் கிடந்தவன்கிட்ட திருடினவங்க. உங்க பேச்சை இந்த நீதிமன்றம் ஏன் நம்பணும்?"

"திருடினதாலதான் எனக்குத் தெரியும் ஐயா. கிட்டப் போகாத யோக்கியனுக்கு என்ன தெரியும்?"

"அவர் உயிரோட இருந்தார்ங்கறீங்க. நீங்க சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பார், இல்லையா? அப்ப அவர் செத்ததுக்கு பஸ் காரணமா, நீங்க காரணமா?"

ரதேமோ எழுந்து ஆட்சேபம் சொன்னார். நீதிபதி கேள்வியை நீக்கினார். ஆனால் அது கெசாரேயின் காதுக்குள் போய்விட்டது, அங்கிருந்து நீக்க யாராலும் முடியாது. கெமுமா கேள்வி நீக்கப்பட்டது புரியாமல் பதில் சொன்னாள். "அதைத்தான் ஐயா நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்." அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று சைகை காட்டினார் நீதிபதி.

வெளியே வராந்தாவில் கெசாரே அவளைப் பிடித்துவிட்டாள். என்ன கேட்க வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை ஓங்கியது, ஓங்கிய கை கன்னத்தில் விழுந்தது. தலைத்துணி சரிந்தது. கெமுமா அதைச் சரி செய்யவுமில்லை, நகரவுமில்லை. அடுத்த வழக்குக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் கெசாரே. "எவ்வளவு நேரம் மூச்சு இருந்துச்சு?"

கெமுமா வாயைத் திறப்பதற்குள் ரதேமோ கோட்டு பறக்க ஓடி வந்து நடுவில் நின்றார். "என்னம்மா பண்றீங்க? இது உங்க சாட்சி. பஸ்காரன் வக்கீல் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்கான்." அவளைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தபோது கெமுமா படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தப்பில் எண்பது பங்கு பஸ் மேல், இருபது பங்கு ஹெல்மெட் போடாததால் மொகாகா மேல். இரண்டாம் சாட்சி, தனக்கு அவமானம் வரும் என்று தெரிந்தே சொன்னதாலும், வெளியே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிய வழியில்லாத ஒரு தொலைபேசிப் பேச்சை வார்த்தை மாறாமல் சொன்னதாலும் அவளை நம்புவதாக நீதிபதி எழுதியிருந்தார். பதினாலு லட்சம் ஷில்லிங். இன்சூரன்ஸ்காரர்கள் அப்பீல் போனார்கள். இன்னும் ஒரு வருஷம் போயிற்று.

இதற்கிடையில் நியாகேமா வளைவில் குடை இல்லாமல் போனது. பைக்காரன் ஒருவன் சொன்னான், விசாரணை முடிந்த வாரமே நிறுத்தத்தில் அடுப்பை உதைத்துக் கவிழ்த்தார்களாம். திருடி என்று எழுதிக் கம்பத்தில் ஒட்டினார்களாம். பஸ் காசு தின்றவர்கள் ஒட்டினார்களா, மொகாகாவின் கூட்டாளிகள் ஒட்டினார்களா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் காரணம் இருந்தது. சில நாள், அவளுக்கு நல்லா வேணும் என்று கெசாரேக்கு இருந்தது. சில நாள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும்போதே, சகதியில் கிடப்பவனின் சட்டைப்பையில் நுழைகிற கை கண்முன் வந்து, கூடை நழுவும். விழுந்ததுமே போய்விட்டார் என்று இனி சொல்லிக்கொள்ள முடியாது. கடைசியில் ஒரு நாள் ரதேமோவிடம், அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தாள். ஐயோ வேண்டாம் என்றார் அவர். அப்பீல் முடியும் வரை ஒரு ஷில்லிங் கொடுத்தாலும் விலைக்கு வாங்கிய சாட்சி என்றாகிவிடும், கிட்டேகூடப் போகாதீர்கள் என்றார். கெசாரேக்கு அது நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

முடிவில் இரு தரப்பும் பேசி ஒன்பது லட்சத்துக்கு முடித்தார்கள். ரதேமோவின் பங்கு போக மிச்சம் அவள் பெயருக்கு வந்தது. ஒம்புய் முதல் நாளே வந்து, குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு மாடு வாங்கலாமே என்றான். அண்ணன் பங்குத் தோப்பை முதலில் திருப்பிக் கொடு, மாட்டைப் பிறகு பார்க்கலாம் என்றாள் கெசாரே. அவன் அப்புறம் வரவில்லை. பைக் கடைக்காரன் தவணை தீர்ந்தது. இரண்டு வருஷம் வீணாகியிருந்தாலும் நியாமொய்தா, தன்னைவிடச் சின்னவர்களோடு, மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பள்ளியில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் கெசாரே கெமுமாவைப் பார்த்தாள். தேயிலை எடை போடும் கொட்டகைக்குக் கீழே, ஆள் நடமாட்டமில்லாத சரிவில், குடை கூட இல்லாமல் அடுப்பு வைத்திருந்தாள். விற்காத சோளம் தட்டில் ஆறிக் கிடந்தது. இளைத்துப் போயிருந்தாள். கெசாரேயைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டாள், இன்னொரு அடிக்குத் தயாரானவள் மாதிரி.

"கேஸ் முடிஞ்சுபோச்சு," என்றாள் கெசாரே.

"கேள்விப்பட்டேன்."

"எந்த இடம்னு எனக்குக் காட்டுங்க."

கெமுமா அவளைப் பார்த்தாள். பிறகு அடுப்பின் மேல் ஒரு தகரத்தைக் கவிழ்த்து மூடிவிட்டு நடந்தாள். இருவரும் ரோட்டோரமாக ஒருவர் பின் ஒருவராக அரைமணி நேரம் நடந்தார்கள். வளைவில், நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கெமுமா நின்றாள். அங்கே ஒன்றுமில்லை. புல், ஓடுகிற தண்ணீர், யாரோ எறிந்த பிளாஸ்டிக் பாட்டில்.

"இங்கதான். தலை இந்தப் பக்கம். பைக் அந்தக் கால்வாய்ல. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. பேசல."

"எவ்வளவு நேரம்?"

"நான் போனை எடுத்துக்கிட்டுக் குடைக்குப் போனேன். உன் போன் வந்துச்சு. அப்புறம் என்னால அங்க உக்கார முடியலை. திரும்பி வந்தேன். அதை கோர்ட்டுல சொல்லலை. கேக்கலை யாரும். வந்து தலையை மடியில வச்சுக்கிட்டேன். உன் சின்னவளுக்கு ஜுரம்னு போன் வந்துச்சுப்பான்னு சொன்னேன். கேட்டுச்சான்னு தெரியலை. அப்புறம்தான் ஆளுங்க வந்தாங்க. அதுக்குள்ள போயிருச்சு."

அது நிஜமா, அல்லது சாட்சி சொன்ன பிறகு இந்த ஒன்றரை வருஷத்தில் அவளாகச் சேர்த்துக்கொண்டதா என்று கெசாரேக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மொகாகாவின் கடைசி நிமிஷங்களில் அவனோடு இருந்தது உலகத்தில் இந்த ஒருத்திதான். அவள் புல்லில் உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள். "அவர் வளைவுல திரும்பினதுலேருந்து. எதையும் விடாம."

கெமுமா அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, உட்கார்ந்தாள். அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துவிட்டது என்று ஆரம்பித்தாள்.